லாடத்தின் தலையில் ஒரு கீற்று

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. மெஜஸ்டிக்கில் இறங்கி நிமிர்ந்தால் பலகைக்குப் பலகை வட்டங்கள். வட்டத்தின் தலையில் கீற்று வைத்தால் 'ர'. கவிழ்த்துப் போட்ட லாடத்தின் தலையில் அதே கீற்றை வைத்தால் 'க', கணபதியின் 'க'. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவை புள்ளி வைக்க மறந்த சிக்குக் கோலங்கள், அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கப் பழகினேன். ஒரு நாள் சிவாஜிநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தால் கோலங்களைக் காணோம். பேக்கரி, மெடிக்கல் ஷாப், சலூன் என்று கடைகளின் பெயர்தான் கண்ணில் பட்டது. எழுத்து போய்விட்டது.

படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தைப் பார்ப்பது சிரமம். படிப்பதற்கு முந்தைய அந்த அரை நொடியில் நிற்கப் பார்த்த முயற்சிகள்தான் இந்த நோட்டில் இருப்பவை. பாதிக்கு மேல் தோல்வி.

*

அந்தக் கீற்றுக்குக் கன்னடத்தில் பெயர் தலைக்கட்டு. எங்கள் கிராமத்தில் தலைக்கட்டு என்றால் திருவிழா வரி, குடும்பத்துக்கு ஒன்று. இங்கே எழுத்துக்கு ஒன்று. தெலுங்கு எழுத்துக்கும் உண்டு, ஆனால் அது வாத்தியார் சரி போட்டது போல வெட்டி மேலே போகும். கன்னடத்தில் கிடையாக ஓடி நுனியில் வளையும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு எழுத்துகளைத் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்ல இந்த ஒரு கீற்று போதும்.

*

கப்பன்பேட்டைச் சந்தில் ஓர் அச்சகம். உள்ளே ஒரு சின்ன ஆஃப்செட் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், சுவரோரமாகக் கருத்துப்போன பழைய ட்ரெடில் அச்சு மிஷின். ட்ரெடிலை இப்போது பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்கவும் அட்டையில் மடிப்புக் கோடு அழுத்தவும் மட்டும் ஓட்டுகிறார்கள். ஓட்டும் பெரியவர் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். பதினாறு வயதில் இங்கே வந்தவர்.

"கன்னடம் எத்தனை வருஷம் கம்போஸ் பண்ணீங்க?"

"முப்பது முப்பத்தஞ்சு இருக்கும் சார்."

"அப்போ கன்னடம் நல்லாப் படிப்பீங்க."

"படிக்கல்லாம் வராது சார். கோக்கத்தான் வரும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. எழுதிக் கொடுத்த தாளில் என்ன உருவம் இருக்கிறதோ அது கேஸில் எந்த அறையில் கிடக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். அடிக்கடி வரும் எழுத்து கைக்குப் பக்கத்தில், அபூர்வமாக வருவது ஓரத்தில். சொல் என்ன, பொருள் என்ன என்பதெல்லாம் ப்ரூப் பார்ப்பவர் பாடு. "மந்திரி பேரு தப்பா வந்தா அவர் சொல்லுவாரு. நமக்கு என்னா தெரியும்?"

இடது கையை மடக்கி, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை, இல்லாத ஸ்டிக்கை, பிடித்துக் காட்டினார். எழுத்துகள் இடமிருந்து வலமாகவே சேரும், ஆனால் தலைகீழாக. காகிதத்தில் அழுந்தும்போதுதான் நிமிரும். மனிதர் முப்பது வருடம் கன்னடத்தைத் தலைகீழாகவே பார்த்திருக்கிறார். எனக்கு மூன்று மாதத்தில் காணாமல் போன கோலங்கள் அவருக்கு ஒருநாளும் காணாமல் போகவில்லை.

ஈய எழுத்தெல்லாம் எங்கே என்று கேட்டேன். "கிலோ கணக்குல போட்டாச்சு சார். பேட்டரிக்காரன் எடுத்துட்டுப் போனான்." சொல்லிவிட்டு டீ வாங்கி வரப் பையனை அனுப்பினார். வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

*

அம்மா. தமிழில் அ, ம், மா என்று மூன்று பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கன்னடத்தில் 'அம்ம' என்று எழுதினால் வரிசையில் இரண்டு பேர். இரண்டாமவர் காலடியில் இன்னொரு குட்டி 'ம' தொங்கும். அதுதான் ஒத்து. அக்கி, அண்ண, தம்ம, பெல்ல எல்லாவற்றிலும் கீழ்வீட்டில் ஒரு குடித்தனம்.

கையால் எழுதும்போது இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஈயத்தில்தான் தொல்லை. ஈய எழுத்து ஒவ்வொன்றும் தன் கட்டைக்குள் அடங்க வேண்டும். ஒத்துக்குக் கீழே இடம் விட்டால் மேலே இருக்கும் எழுத்து சிறுத்துப்போகும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கும் வரிக்கும் நடுவே வாய்க்கால் ஓடும். கட்டைக்கு வெளியே நீட்டி வார்த்தால் நீட்டிய பாகம் முதலில் உடையும். பழைய கன்னடப் புத்தகங்களின் பக்கங்கள் நம் பழைய புத்தகங்களைவிடக் காற்றோட்டமாக இருப்பதை ரசித்து, அச்சிட்டவரின் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்துக்கு விட்ட வாடகை இடம் அது.

ரசனை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதில் அது இருக்கிறது.

*

1849-ல் பெங்களூர் வெஸ்லியன் மிஷன் அச்சகத்தில் ஜான் கேரட் ஒரு பகவத் கீதை பதிப்பித்தார். சமஸ்கிருதம், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் அடுத்தடுத்த பத்திகளாக நிற்கும். மதம் பரப்ப வந்த அச்சகம் கீதையை அச்சிட்டது வேறு கதை. என் கவனம் பத்திகளில். ஒரே சுலோகம் மூன்று மொழியில் மூன்று நீளத்துக்கு ஓடும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அத்தனையையும் ஒரே மட்டத்தில் கொண்டு வந்து அச்சுப் பாரத்தை முடுக்க வேண்டும். இன்று கம்ப்யூட்டரில் செய்தாலே பல்லைக் கடிக்க வைக்கிற வேலை.

கிட்டெலின் கன்னட அகராதி இதற்கு வெகுநாள் கழித்து, 1894-ல், மங்களூர் பாஸல் மிஷன் அச்சகத்தில். கிட்டெலுக்கு இங்கே எம்.ஜி. ரோட்டில் சிலை உண்டு.

*

ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டம். தமிழ்க் கல்வெட்டுகள் தேடிப் போனேன். கன்டோன்மென்ட்டில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன குடும்பங்கள். ஒரு கல்லில் 'நினைவாக' என்று வெட்டியிருக்கிறது. கண் ஓடிக்கொண்டே போய் நடுவில் இடறி நின்றது. 'னை' பழைய னை. யானைத் துதிக்கை போல முன்னால் கொம்பு சுழித்து நிற்கிற உருவம். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தபோது போன துதிக்கை. பெரியார் 1935-லேயே குடிஅரசில் அதை விட்டுவிட்டார்.

சீர்திருத்தத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தட்டச்சுக்கும் அச்சுக்கோப்பவருக்கும் அது பெரிய உதவி. ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது கல்தச்சர் துதிக்கையின் வளைவை ஒரே வீச்சில் வெட்டவில்லை, மூன்று இடத்தில் உளியைத் திருப்பியிருக்கிறார் என்பது தெரிந்தது. இன்றைய னையாக இருந்திருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

கல்லுக்குக் கீழே யார், எந்த வருடம் என்பதைக் குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். எழுத்தைப் பார்த்தால் இப்படித்தான் ஆகிறது.

*

கஸ்தூர்பா ரோட்டில் மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராபி. ஊரில் சுருக்கமாக மேப். 2023 பிப்ரவரியில் திறந்தார்கள். வெளிச்சுவரெல்லாம் அழுத்தி மடித்த எஃகுத் தகடு. பெரிய தண்ணீர்த்தொட்டியை ரோட்டோரம் நிறுத்திவைத்தது போல இருக்கும். 2025-ல் அங்கே 'டிக்கெட் டிகா சாப்' என்று ஒரு கண்காட்சி. மான்செஸ்டர் துணி இந்தியாவுக்கு வந்த காலத்தில் ஒவ்வொரு துணிக்கட்டின் மேலும் ஒட்டி வந்த சீட்டுகள்.

உள்ளங்கை அகலம்தான். அதற்குள் என்னவெல்லாம்: தாமரையில் லட்சுமி, புலி வேட்டை, மகாராஜா, ரயில் வண்டி, மயில், ஓரங்களில் பொன் பூச்சு. துணி வெள்ளைத் துணியாகத்தான் இருக்கும், நிறமெல்லாம் சீட்டில். வாங்கும் கடைக்காரருக்கு இங்கிலீஷ் வராது, அவரிடம் வாங்குபவருக்கு எந்த எழுத்தும் வராது. கம்பெனிப் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு என்ன பயன்? போன தடவை நன்றாக உழைத்த துணியில் என்ன படம் ஒட்டியிருந்ததோ அதைச் சொல்லிக் கேட்பார்கள். யானை மார்க், கிளி மார்க், குதிரை மார்க் என்று இன்றைக்கும் நம் வாயில் வருகிற 'மார்க்' அந்தப் பழக்கத்தின் மிச்சம். படிக்காதவர்களுக்காகச் செய்த வேலை என்பதால்தான் இவ்வளவு உழைப்பு. படிக்கிறவனை ஏமாற்றப் பெரிய எழுத்து போதும். பார்க்கிறவனை அப்படி ஏமாற்ற முடியாது.

இவற்றை அச்சிட்ட முறை கல்லச்சு. பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரின் சுண்ணாம்புக் கல் அதற்குப் பேர்போனது. 1790களின் கடைசியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த வித்தை எளிமையானது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. பசையுள்ள குச்சியால் கல்லில் வரைந்து, கல்லைப் பதப்படுத்தி நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், உருளையில் வரும் மை வரைந்த இடத்தில் மட்டும் ஏறும். நிறத்துக்கு ஒரு கல். பத்து நிறம் என்றால் பத்துக் கல், அதே தாள் பத்து முறை உள்ளே போய் வர வேண்டும். ஒரு தடவை மயிரிழை நகர்ந்தாலும் சரஸ்வதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். அப்படி நகர்ந்த சீட்டு ஒன்றைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்துக் காவலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

இன்னொன்று. நேராகக் கல்லில் வரைந்தால் எல்லாம் இடவலம் மாற வேண்டும். வலது கையில் அபயம் காட்ட வேண்டிய சாமிக்குக் கல்லில் இடது கையைத் தூக்கி வரைய வேண்டும். இங்கிலாந்தில் உட்கார்ந்து இதைச் செய்த ஓவியருக்கு எந்தக் கை என்பது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. வாங்குபவருக்கு அது மட்டும்தான் விஷயம்.

பெங்களூரிலும் 1884-ல் ஒரு துணி ஆலை வந்து, பிறகு பின்னி கம்பெனியின் கைக்குப் போனது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வேலை பார்த்த இடம். ஆலை போய் அடுக்குமாடி வந்தாயிற்று. பின்னிப்பேட்டை என்ற பெயர் பலகையில் நிற்கிறது.

*

ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டு, சாமி படங்களைக் கல்லச்சில் அடித்து வீட்டுக்கு வீடு அனுப்பினார். தெற்கே அந்த வேலையைத் தொடர்ந்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவரும் சீடர்களும் வரைந்தார்கள், சிவகாசி அச்சிட்டது. நான் முதலில் குடியிருந்த வீட்டின் கன்னடக்கார அம்மா பூஜை அறையில் இருந்த முருகன்கூட அந்த வழியில் வந்தவர்தான்.

அதே வீட்டுச் சமையலறையில் பெங்களூர் பிரஸ் காலண்டர். 1916-ல் தொடங்கிய அச்சகம். அந்தக் காலண்டரில் சாமி இல்லை, இயற்கைக் காட்சி இல்லை, சினிமா நடிகை இல்லை. மாதத்துக்கு ஒரு தாள், பெரிய பெரிய எண்கள், விடுமுறைக்குச் சிவப்பு. கண்ணாடி போடாமலே அடுப்படியிலிருந்து தேதி தெரியும். பால் கணக்கு எழுத எண்ணைச் சுற்றி இடம் இருக்கும். சாமி வேண்டுமென்றால் சிவகாசி, தேதி வேண்டுமென்றால் பெங்களூர் பிரஸ் என்று இந்த ஊர் பிரித்து வைத்திருந்தது. எண்ணையே படமாகத் தொங்கவிடலாம் என்று அந்த அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

*

கன்னட எண்கள் இங்கே இன்னும் நடமாடுகின்றன. சில பஸ்களின் நெற்றியில், கல்யாணப் பத்திரிகையில். தமிழ் எண்களை நாம் பஞ்சாங்கத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பொறாமையாக இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் இருக்காது.

*

2018-ல் மாநகராட்சி பிளக்ஸ் பேனர்களைத் தடை செய்தது. 2024-ல் கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். கன்னட நாட்டில் கன்னடம் பெரிதாக இருப்பது நியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவசரத்தில் நடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த எழுத்துருவை எடுத்து, அறுபதை எட்டுவதற்காக இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தலைக்கட்டு கம்பளிப்பூச்சியாகப் படுத்துக் கிடக்கிறது. ஒத்து பலகையின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. சதவீதத்தை அளக்க டேப் உண்டு, வளைவை அளக்க?

சிவாஜிநகரில் மெக்கானிக் ஷெட் ஒன்றின் தகரக் கதவில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததை நின்று பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு தேய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் கோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒத்துக்காக இன்னும் கீழே மூன்றாவது. தமிழ் வரிக்கு வந்தபோது மூன்றாவது கோட்டைச் சுண்டவில்லை. கன்னடம், உருது, தமிழ், இங்கிலீஷ் நான்கையும் ஒரே தட்டைப் பிரஷ்ஷில் எழுதினார். நான்குக்கும் ஒரே பக்கம் நிழல் போட்டார். நான்கும் ஒரு குடும்பம் போல இருந்தன. எந்தச் சட்டமும் கேட்காத வேலை.

*

மும்பை ஏக் டைப் குழுவின் 'பலூ' எழுத்துரு இந்திய மொழிகள் பலவற்றில் வந்திருக்கிறது. குண்டு குண்டாக, தேன் குடித்த கரடி போல. கன்னட வடிவத்துக்குப் பெயர் பலூ தம்ம, தம்ம என்றாலும் தம்பிதான். தமிழுக்குப் பலூ தம்பி. கம்ப்யூட்டர் எழுத்துருக்களில் எனக்குப் பிடித்த நகைச்சுவை இது ஒன்றுதான்.

*

மைசூர் சாண்டல் சோப்பு. பெட்டியைத் திறந்தால் நகைப் பெட்டி திறந்தது போல. முட்டை வடிவச் சோப்பு. முத்திரையில் சரபம், சிங்க உடம்பு, யானைத் தலை. நூறு வருடம் தாண்டியும் பெரிதாகக் கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். வைக்காமலே இருக்கட்டும்.

எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் அப்பாவுடையது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். முகப்பில் நாகரி எழுத்தில் 'ஜனதா'. இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போன அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் போனார். படிக்கத் தெரியாததால் அது பூ வேலை என்று நினைத்திருந்தாராம்.

*

நம் குறவஞ்சி இங்கே கொரவஞ்சி. 1942-ல் டாக்டர் சிவராம், ராசி என்ற புனைபெயரோடு, அந்தப் பெயரில் நகைச்சுவைப் பத்திரிகை தொடங்கினார். ஆர்.கே. லக்ஷ்மண் பம்பாய் போய்ப் பேர் வாங்குவதற்கு முன் அதில் படம் வரைந்தவர். பிரிகேட் ரோட்டுப் பக்கம் செலக்ட் புத்தகக் கடையில் பழைய இதழ் கிடைக்குமா என்று தேடிப் போய், சம்பந்தமில்லாத மூன்று புத்தகங்களோடு திரும்பினேன். 1945-லிருந்து அந்தக் கடை இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

கன்னடத்தில் தமிழருக்குப் பழைய பெயர் திகளர். ஊரின் பழைய பேட்டைக்குள் தர்மராயர் கோயில் இருக்கும் பகுதி திகளரபேட்டை. கரக ஊர்வலம் அங்கிருந்துதான் புறப்படும். துளு நாட்டில் சமஸ்கிருதச் சுவடிகள் எழுதிய லிபிக்குப் பெயர் திகளாரி. கிரந்த வழியில் வந்தது, தெற்கிலிருந்து போனது, அதனால் தமிழர் எழுத்து என்ற பெயர். பெங்களூரின் எழுத்துரு வடிவமைப்பாளர் வைஷ்ணவி மூர்த்தியும் தமிழரான வினோத் ராஜனும் சேர்ந்து விண்ணப்பித்து, 2024-ல் யூனிகோடு 16-ல் அது துளு-திகளாரி என்ற பெயரில் ஏறியது. பெயரில் நாம் இருக்கிறோம், படிக்க நமக்கு வராது. சுவடியின் படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே கிரந்தச் சாயலில் ஏதோ ஓர் எழுத்து, கல்யாண வீட்டில் தூரத்து உறவு போல, தலையசைத்துவிட்டுப் போகிறது.

*

டோம்மலூர் சொக்கநாதர் கோயில். பெயரைக் கேட்டுச் சிவன் என்று போனால் உள்ளே பெருமாள். நிலைக்காலில் தமிழ். ஊருக்குக் கல்வெட்டில் பெயர் தோம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் உண்டு. 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் புள்ளி இல்லை, கால் எது ரகரம் எது என்று தெரியாது. லூயிஸ் ரைஸ் 1905-ல் இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளை எபிகிராஃபியா கர்நாடிகாவின் 9ஆம் தொகுதியில் அச்சேற்றினார். அங்கே எல்லாம் ஈய எழுத்தில் சமமாக, வரிசையாக இருக்கும். கல்லில் எந்த 'க'வும் பக்கத்து 'க' போல இல்லை.

நிருபதுங்கா ரோட்டு மிதிக் சொசைட்டிக்காரர்கள் 2021-லிருந்து ஊர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து 'அக்ஷர பண்டார' என்று ஒரு களஞ்சியமே சேர்த்திருக்கிறார்கள். கேஸில் அறை அறையாக எழுத்து கிடப்பது போல. கப்பன்பேட்டைப் பெரியவரிடம் போனில் காட்டினேன். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். "நல்ல வார்ப்பு சார்" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை, பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுச் சண்டே பஜார். பழைய செருப்பு, ரிமோட், திருகாணிகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டை. போஸ்டர் அச்சுக்குச் செதுக்கிய எழுத்து; என் கை அளவு. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. என்ன எழுத்து என்று கடைக்காரரைக் கேட்டேன், தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். பார்க்கும் கண்ணில் சந்தேகத்தைக் கண்டதும் அவர் விலையை இருநூறிலிருந்து நூற்றைம்பதுக்கு இறக்கினார்.

வீட்டுக்கு வந்து ஸ்டாம்ப் மையைத் தடவி இந்த நோட்டில் வைத்து முழங்கையால் அழுத்தினேன். லாடம், தலையில் கீற்று. கணபதியின் 'க'. நடுவில் மரத்தின் ரேகை ஓடியிருக்கிறது, சில்லு போன இடம் வெள்ளையாக இருக்கிறது. மை அதிகமாகிவிட்டது. தாளுக்குப் பின்பக்கமும் ஊறி, அங்கே கீற்று மாறித் திரும்பிய லாடம் ஒன்று மங்கலாக நிற்கிறது. அதன் மேல் எழுதாமல் இந்த வரியை ஓரமாக நகர்த்தி எழுதுகிறேன்.